யாஹியாவை நெருக்காதீர்கள்: 1971இல் வாஷிங்டன் போட்ட கணக்கு சரிதானா?

வினா: வைகைக்கரை

கல்லூரியில் பன்னாட்டு உறவுகள் பாடம் நடத்துகிறேன். "நாட்டு நலனா, விழுமியமா" என்ற பகுதி வரும் ஒவ்வோர் ஆண்டும் வகுப்பு இரண்டாகப் பிரிந்து பட்டிமன்றம் போலப் பேசிவிட்டுக் கலைந்து போகிறது. இந்த ஆண்டு பொதுப்பேச்சை விட்டுவிட்டு 1971ஆம் ஆண்டை மட்டும் எடுத்துக்கொண்டேன். அதிலும் எனக்கே விடை தெரியாத ஓர் இடத்தில் நின்றுவிட்டதால் இங்கே கேட்கிறேன்.

நடந்தது பலருக்கும் தெரிந்ததே. 1970 டிசம்பர் தேர்தலில் கிழக்குப் பாகிஸ்தானின் (இன்றைய வங்கதேசம்) 162 பொதுத் தொகுதிகளில் 160ஐ முஜிபுர் ரகுமானின் அவாமி லீக் கட்சி வென்றது. பாகிஸ்தானின் இராணுவ ஆட்சியாளர் யாஹியா கானிடமிருந்து ஆட்சி அவர்கள் கைக்குப் போகவில்லை. 1971 மார்ச் 25 இரவு டாக்காவுக்குள் இராணுவம் இறங்கியது. அங்கிருந்த அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் தலைவர் ஆர்ச்சர் பிளட் தாம் கண்டதைத் தொடர்ந்து எழுதி அனுப்பினார். ஏப்ரல் 6ஆம் தேதி அவருடைய அலுவலகத்தைச் சேர்ந்த 20 பேர் கையொப்பமிட்ட தந்தி ஒன்று வாஷிங்டனுக்குச் சென்றது. சனநாயகம் நசுக்கப்பட்டதைத் தம் அரசு கண்டிக்கத் தவறியது, கொடுமைகளைக் கண்டிக்கத் தவறியது என்று அதில் நேரடியாகவே எழுதியிருந்தார்கள். மூன்று வாரம் கழித்து, ஏப்ரல் 28 தேதியிட்டுத் தம்முன் வைக்கப்பட்ட குறிப்பின் அடியில் அதிபர் நிக்சன் தம் கைப்பட எழுதிய வரி, இந்த வேளையில் யாஹியாவை நெருக்காதீர்கள் என்பது. அதில் "வேண்டாம்" என்ற பொருள் தரும் சொல்லின் கீழ் மூன்று கோடுகள் இழுத்திருந்தார்.

அந்த மூன்று கோடுகளுக்குக் காரணம் சீனா. பெய்ஜிங்கிலிருந்து சீனப் பிரதமர் சூ என்லாய் அனுப்பிய அழைப்பு, பாகிஸ்தான் தூதர் வழியாக ஏப்ரல் 27 அன்று, அதாவது அந்தக் குறிப்பின் தேதிக்கு முந்தைய நாள்தான், வெள்ளை மாளிகைக்கு வந்து சேர்ந்திருந்தது. சீனாவோடு உறவைத் திறப்பது அமெரிக்காவின் மிகப்பெரிய நலன் என்றால், அதற்குக் கதவு திறந்துவிடும் ஆளைப் பகைத்துக்கொள்ளாதது தவறா? அல்லது, நலன் என்ற பெயரில் அங்கே வேறு ஏதோ நடந்ததா? மாணவர்களில் ஒருத்தி, "சரி தவறு இருக்கட்டும் ஐயா, கணக்காவது சரியா?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு எனக்கு உடனே விடை வரவில்லை.

மறுமொழி 1: பழைய கோப்பு

நான் அரசுப் பணியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவன். வெளியுறவுத் துறையில் இருந்ததில்லை. ஆனால் முடிவெடுக்கும் நாற்காலிக்கும் அறிக்கை எழுதும் நாற்காலிக்கும் உள்ள தூரம் எனக்குத் தெரியும். அதனால் யாரும் பேச விரும்பாத பக்கத்தை நான் பேசுகிறேன்.

1949க்குப் பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேலாக வாஷிங்டனுக்கும் பெய்ஜிங்குக்கும் தூதரக உறவு கிடையாது. வியட்நாமில் அமெரிக்கா சிக்கிக் கிடந்தது. 1969 மார்ச்சில் உசூரி ஆற்றங்கரையில் சீனப் படையும் சோவியத் படையும் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டன. இரண்டுமே அணுகுண்டு வைத்திருந்த நாடுகள். இந்தப் பிளவைப் பயன்படுத்திக்கொள்ளும் வாய்ப்பு எந்த அதிபருக்கும் வாழ்நாளில் ஒருமுறைதான் கிடைக்கும். பயணம் எவ்வளவு கமுக்கமாக நடந்தது என்பதைப் பார்த்தாலே அது எத்தனை நூலிழையில் தொங்கியது என்று புரியும். 1971 ஜூலையில் இஸ்லாமாபாத்துக்கு வந்த நிக்சனின் பாதுகாப்பு ஆலோசகர் கிசிங்கருக்கு வயிற்றுக்கோளாறு என்றும், அவர் நத்தியாகலி மலைவாசத்தலத்தில் ஓய்வெடுக்கிறார் என்றும் செய்தி பரப்பிவிட்டு, ஜூலை 9 அதிகாலையில் அவரைப் பாகிஸ்தான் விமானத்தில் ஏற்றி பெய்ஜிங்குக்கு அனுப்பினார்கள். மாற்றுச் சட்டைகளை உதவியாளர் எடுத்து வைக்க மறந்துவிட்டார். உடன் வந்த ஹோல்ட்ரிஜ் என்ற உயரமான அதிகாரியிடம் கிசிங்கர் சட்டை கடன் வாங்கினார். தொளதொளவென்றிருந்த அந்தச் சட்டையின் பட்டியில் "மேட் இன் தைவான்" என்று இருந்தது. தைவானைக் கைவிடுவதைப் பற்றிப் பேசப் போனவர் தைவான் சட்டையோடு போய் உட்கார்ந்தார். இதை அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார்.

அந்த மூன்று நாளின் பலன் என்ன? 1972 பிப்ரவரியில் ஷாங்காய் கூட்டறிக்கை வந்தது. அதே ஆண்டு மே மாதம் மாஸ்கோவில் அணு ஆயுதக் கட்டுப்பாட்டு உடன்பாடும் கையெழுத்தானது. பெய்ஜிங் நெருங்கியிராவிட்டால் மாஸ்கோ அவ்வளவு விரைவில் இறங்கி வந்திருக்காது என்றே நான் நினைக்கிறேன். அணுப்போர் அச்சம் கொஞ்சம் குறைந்ததை நீங்கள் விழுமியக் கணக்கில் சேர்ப்பீர்களா, நலக் கணக்கிலா? மேலும், வாஷிங்டன் உரக்கக் கண்டித்திருந்தால் டாக்காவில் ஓர் உயிராவது மிஞ்சியிருக்கும் என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. பிளட் நேர்மையானவர்தான். ஆனால் அவர் பார்த்தது டாக்காவின் தெருக்களை மட்டும். சீனப் பயணம் பற்றி அவருக்கு ஒரு வரிகூடத் தெரியாது. தெரியாதவர் எழுதிய தந்தியைத் தெரிந்தவர் ஒதுக்கியதை நான் குற்றம் என்று சொல்ல மாட்டேன்.

மறுமொழி 2: நடுநிசி வானொலி

பழைய கோப்பு ஐயாவின் வாதம் நேர்த்தியானது. ஆனால் அது ஜூலை 11ஆம் தேதியோடு நின்றுவிடுகிறது. வைகைக்கரையின் மாணவி கேட்ட கேள்வியின் உயிரே அதற்குப் பிறகுள்ள ஐந்து மாதங்களில்தான் இருக்கிறது.

முதலில், யாஹியா ஒருவர்தான் கதவு என்பதே சரியன்று. ருமேனியாவின் சௌசெஸ்கு வழியாகவும் சீனா 1971 தொடக்கத்தில் செய்தி அனுப்பியது. பாகிஸ்தான் வழி வசதியானது, கமுக்கமானது, பெய்ஜிங்குக்கும் பிடித்தது; அதை மறுக்கவில்லை. ஆனால் "வசதியானது" என்பது ஏப்ரலுக்குள் "வேறு வழியே இல்லாதது" என்று உருமாறிவிட்டது. அந்த மாற்றத்தை யாரும் கோப்பில் எழுதி விவாதித்ததாகத் தெரியவில்லை.

இரண்டாவதுதான் முக்கியம். ஜூலை 15 அன்று நிக்சன் தொலைக்காட்சியில் தோன்றித் தாம் சீனா போகப்போவதை உலகுக்கே சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு பாரிஸில் இருந்த சீனத் தூதர் வழியாக நேரடித் தொடர்பு ஏற்பட்டது. தூது போனவரின் வேலை முடிந்துவிட்டது. "ஆறு கடக்கும்வரை அண்ணன் தம்பி, ஆறு கடந்தால் நீ யார் நான் யார்" என்று நம்மூரில் சொல்வார்களே, அந்தக் கணக்குப்படி வெறும் நலன்தான் நிக்சனை இயக்கியது என்றால், ஜூலையோடு யாஹியாவை அவர் கைகழுவியிருக்க வேண்டும். நடந்ததோ நேர்மாறு. அனுமதி பெற்ற பழைய ஒப்பந்தங்கள் என்ற பெயரில் தளவாடங்கள் கப்பலேறின. பால்டிமோர் துறைமுகத்துக்கு வந்த "பத்மா" என்ற பாகிஸ்தான் கப்பலைச் சாதாரண அமெரிக்கர்கள் சிறு துடுப்புப் படகுகளில் போய் மறிக்க முயன்றார்கள். டிசம்பரில் இந்தியா-பாகிஸ்தான் போர் மூண்டதும், சட்டம் இடங்கொடுக்காது என்று தம் அதிகாரிகளே எச்சரித்தும், ஜோர்டானிடமிருந்த அமெரிக்கப் போர்விமானங்கள் பாகிஸ்தானுக்குப் போக வெள்ளை மாளிகை கண்ணைக் காட்டியது. பிறகு "என்டர்பிரைஸ்" என்ற விமானந்தாங்கிக் கப்பல் வங்கக் கடலை நோக்கி வந்தது. எதைக் காக்க வந்தது? டாக்கா விழப்போவது அப்போது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

இதற்குக் கிசிங்கர் தந்த விளக்கம், தன் நண்பனை அமெரிக்கா எப்படி நடத்துகிறது என்பதைப் பார்த்துத்தான் சீனா நம்மை எடைபோடும் என்பது. எண்ணிப் பார்த்தால் இது நலனைப் பற்றிய கூற்றே அன்று. நட்புக்கு உண்மையாக இருப்பது என்ற விழுமியத்தைப் பற்றியது. அந்த விழுமியம் ஓர் இராணுவ ஆட்சியாளருக்குக் கிடைத்தது, எல்லையைக் கடந்து இந்தியாவுக்கு ஓடிய ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்குக் கிடைக்கவில்லை என்பதே வேறுபாடு. இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள்: யாஹியாவின் மேல் நிக்சனுக்கு இருந்த பிரியமும் இந்திரா காந்தியின் மேல் இருந்த வெறுப்பும் வெள்ளை மாளிகையின் ஒலிப்பதிவுகளிலேயே பதிவாகியிருக்கின்றன. நாட்டு நலன் என்பது எங்கோ தராசுக் கடையில் நிறுத்து வைத்த பண்டம் போலவும், தலைவர் அதைப் படித்துப் பார்த்து முடிவெடுப்பது போலவும் நாம் பேசுகிறோம். உண்மையில் அதை நிறுப்பது ஒரு மனிதரின் கை. அவருடைய விருப்பு வெறுப்புகளும் தட்டில் ஏறிக்கொள்கின்றன.

கண்டித்தாலும் பயன் இருந்திருக்காது என்கிறார் ஐயா. பேச்சால் பயன் இருந்திருக்காதுதான். ஆனால் பாகிஸ்தான் வெளிநாட்டு உதவிப் பணத்தில் நாளை ஓட்டிக்கொண்டிருந்த நாடு. அதே கோடையில் உலக வங்கி கூட்டிய உதவி நாடுகளின் குழு புதிய உதவி எதையும் உறுதியளிக்காமல் கலைந்தது. கையில் பிடி இருந்தது. இழுக்க மறுத்தவர் யார் என்பதுதான் கேள்வி.

கடைசியாக, அந்தத் தந்தியை அறவுரை என்றே பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். அதன் இறுதிப் பகுதியைப் படியுங்கள். தம் நாட்டின் உண்மையான, நிலைத்த நலன்கள் இங்கே எவை என்று வரையறுக்கப்பட வேண்டும் என்றுதான் அந்த 20 பேரும் கேட்டார்கள். நலன் வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. உங்கள் கணக்கு தவறு என்றார்கள். வாஷிங்டனிலேயே தெற்காசியாவைக் கவனித்துவந்த ஒன்பது அதிகாரிகள் அதை ஆதரித்துத் தனியே கடிதம் எழுதினார்கள் என்பதால், "டாக்காவின் தெருவை மட்டும் பார்த்தவர்" என்று தள்ளிவிடவும் முடியாது.

மறுமொழி 3: மட்டுநகர் வாசகன்

இங்கே வாஷிங்டன், பெய்ஜிங், டெல்லி மூன்றும்தான் பேசப்படுகின்றன. இலங்கையிலிருந்து பார்க்கிறவனாக ஒரு சிறு குறிப்பைச் சேர்க்கிறேன். வகுப்பில் யாராவது "சிறிய நாடுகளாவது நேர்மையாக நடந்தனவா" என்று கேட்டால் உதவும்.

1971 தொடக்கத்தில் இந்திய விமானம் ஒன்று லாகூருக்குக் கடத்தப்பட்டு எரிக்கப்பட்டதையடுத்து, பாகிஸ்தான் விமானங்கள் தன் வான்வெளியில் பறப்பதை இந்தியா தடைசெய்தது. மேற்கிலிருந்து கிழக்குப் பாகிஸ்தானுக்குப் போக வேண்டிய விமானங்கள் இந்தியாவைச் சுற்றிக்கொண்டு கொழும்புக்கு அருகிலுள்ள கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கி எரிபொருள் நிரப்பிச் சென்றன. இவை பயணிகள் விமானங்களே என்பது இலங்கை அரசின் நிலைப்பாடு. படையினர் சாதாரண உடையில் போகிறார்கள் என்பது இந்தியாவின் முறைப்பாடு. அந்த ஆண்டு ஏப்ரலில் இங்கே ஜே.வி.பி. என்ற இடதுசாரி இயக்கத்தின் கிளர்ச்சி வெடித்தது. பிரதமர் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்கவின் அரசு உலகெங்கும் கை நீட்டியது. இந்தியாவும் பாகிஸ்தானும், அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும், பிரித்தானியாவும் உதவி அனுப்பின. சீனா வட்டியில்லாக் கடன் தந்தது. டாக்கா விடயத்தில் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்த அத்தனை அரசுகளும், ஓர் அரசைக் கிளர்ச்சியாளர்களிடமிருந்து காப்பாற்றுவது என்று வந்தபோது ஒரே வரிசையில் நின்றன. அரசுகளுக்குள் உண்மையாகவே பொதுவான விழுமியம் ஒன்று உண்டென்றால் அது இதுதான் போலும் என்று எனக்குச் சில வேளைகளில் தோன்றும்.

மறுமொழி 4: எல்லைக்கல்

நடுநிசி வானொலியின் வாதத்தோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் இந்த இழையை இப்படியே விட்டால், வாஷிங்டன் நலன், டெல்லி விழுமியம் என்ற பாடப்புத்தகச் சித்திரம் மாணவர்கள் மனத்தில் நிலைத்துவிடும். அது நமக்குப் பிடித்த சித்திரம் என்பதாலேயே அதைச் சற்று உரசிப் பார்க்க வேண்டும்.

இந்தியா சுமந்த பாரத்தைக் குறைத்துச் சொல்ல முடியாது. திரிபுராவில் உள்ளூர் மக்கள்தொகைக்கு ஏறக்குறைய நிகரான அகதிகள் வந்து சேர்ந்தார்கள். அதை எந்த அரசும் பல ஆண்டுகள் தாங்கியிருக்க முடியாது. ஆனால் இந்தியா ஏப்ரலில் படை அனுப்பவில்லை. வங்க விடுதலைப் படையான முக்தி பாஹினிக்குப் பயிற்சி தந்தது. ஆகஸ்ட் 9 அன்று சோவியத் ஒன்றியத்தோடு உடன்படிக்கை செய்து பாதுகாப்பு அவையில் வீட்டோ கிடைக்க வழிசெய்துகொண்டது. மழைக்காலம் முடியட்டும், இமயக் கணவாய்களில் பனி இறங்கிச் சீனப் படைக்கு வழி அடைபடட்டும் என்று பொறுத்தது. விழுமியமும் பனிக்காலத்துக்குக் காத்திருந்தது. நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. காத்திராமல் போயிருந்தால் போர் 13 நாளில் முடிந்திருக்காது. ஆனால் அந்த எட்டு மாதங்களில் கிழக்கு வங்கத்தில் செத்தவர்களும் அந்தக் கணக்கின் ஒரு பகுதிதான் என்பதைச் சொல்லாமல் விட முடியாது.

அதோடு, செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் சோவியத் டாங்குகள் நுழைந்ததைக் கண்டிக்கும் தீர்மானம் 1968 ஆகஸ்டில் பாதுகாப்பு அவைக்கு வந்தபோது வாக்களிக்காமல் ஒதுங்கிய மூன்று நாடுகளில் இந்தியாவும் ஒன்று. வேடிக்கை என்னவென்றால், பாகிஸ்தானும் அந்த மூன்றில் ஒன்று. 1971 டிசம்பர் 7 அன்று ஐ.நா. பொதுச்சபையில் போர்நிறுத்தமும் படை விலக்கலும் கோரிய தீர்மானம் 104க்கு 11 என்ற கணக்கில் நிறைவேறியது. அணிசேரா நாடுகளில் பெரும்பாலானவை அதை ஆதரித்தன. அவர்களுக்கெல்லாம் கிழக்கு வங்கத்தின் துயரம் தெரியாது என்பதில்லை. பக்கத்து நாட்டுப் படை எல்லை தாண்டி வந்து ஒரு நாட்டை இரண்டாக்கலாம் என்ற முன்மாதிரி, தங்கள் எல்லைகளை நினைத்து அவர்களை அச்சுறுத்தியது.

என்னை எப்போதும் உறுத்துவது போருக்குப் பிந்தைய கதை. அது வகுப்புகளில் பேசப்படுவதே இல்லை. சரணடைந்த சுமார் 93,000 பேரில் 195 பாகிஸ்தான் படையினரைப் போர்க்குற்றங்களுக்காக விசாரிக்க வங்கதேசம் முடிவு செய்தது. இந்த 195 பேரைச் சுற்றி இரண்டு ஆண்டுக்கு மேல் ஒரு பேரம் நடந்தது. பாகிஸ்தான், தன்னிடம் சிக்கியிருந்த வங்காளிகளில் 203 பேரை உளவு பார்த்ததாக விசாரிப்போம் என்றது; 1973இல் இந்தியாவை எதிர்த்துப் பன்னாட்டு நீதிமன்றத்துக்கும் போய், பிறகு வழக்கைத் திரும்பப் பெற்றது. வங்கதேசம் ஐ.நா.வில் சேர 1972இல் விண்ணப்பித்தபோது, கைதிகள் விவகாரம் தீரவில்லை என்று காட்டி ஆகஸ்ட் 25 அன்று சீனா தன் முதல் வீட்டோவைப் போட்டது. அதற்குப் பத்து மாதம் முன்புதான், இத்தனை ஆண்டுகள் தன்னை வெளியே நிறுத்தியது அநீதி என்று முழங்கிவிட்டு அதே அவைக்குள் நுழைந்திருந்த நாடு அது. 1974 பிப்ரவரியில் பாகிஸ்தான் வங்கதேசத்தை அங்கீகரித்தது. ஏப்ரலில் டெல்லியில் முத்தரப்பு உடன்பாடு. 195 பேரும் விசாரணையின்றி ஊர் திரும்பினார்கள். செப்டம்பரில் வங்கதேசம் ஐ.நா.வில் சேர்ந்தது, இம்முறை சீனா குறுக்கே நிற்கவில்லை.

இந்த உடன்பாட்டில் இந்தியாவும் கையெழுத்திட்டது. சிம்லாவில் பாகிஸ்தானோடு தொடங்கிய சமரசம் முறியக் கூடாது என்பது அதன் நலன். சிக்கிக் கிடந்த தன் மக்கள் ஊர் வந்து சேர வேண்டும், நாட்டுக்கு உலக அங்கீகாரம் வேண்டும் என்பது வங்கதேசத் தலைவர் முஜிபுர் ரகுமானின் நலன். இரண்டையும் நான் புரிந்துகொள்கிறேன். ஆனாலும் எந்தக் கொடுமைகளைக் காரணம் காட்டிப் போர் நியாயப்படுத்தப்பட்டதோ, அவற்றுக்கு அந்த 195 பேரில் ஒருவர்கூட எந்த நீதிமன்றத்திலும் நிற்கவில்லை. நிக்சன் விழுமியத்தைக் கதவிலேயே நிறுத்திவிட்டார். மற்றவர்கள் வீட்டுக்குள் அழைத்து உபசரித்து, வேலை முடிந்ததும் அனுப்பிவிட்டார்கள்.

மறுமொழி 5: பழைய கோப்பு

ஜூலைக்குப் பிறகு நடந்ததைப் பற்றி நடுநிசி வானொலி சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். என் வாதம் ஏப்ரல் முதல் ஜூலை வரை நிற்கும். டிசம்பர் வரை நீட்டினால் கிழியும். போர்க்கப்பலை அனுப்பியதால் சீனாவோடான உறவில் ஒரு கல்லும் கூடுதலாக ஏறவில்லை. இந்தியாவில் ஒரு தலைமுறையே அமெரிக்காவை ஐயத்தோடு பார்க்கத் தொடங்கியதுதான் மிச்சம். எங்கள் தெருவில் அந்தக் கப்பலின் பெயர் தெரியாத ஆளே அப்போது இல்லை. கெட்ட கணக்குக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு தேட வேண்டியதில்லை.

ஆனால் எல்லைக்கல்லின் 195 பேர் கதை என் பக்கத்துக்கும் சற்று வலுச் சேர்க்கிறது என்பதைக் கவனியுங்கள். நாற்காலியில் உட்கார்ந்ததும் முஜிபும் அதே தராசைத்தான் எடுத்தார்.

மறுமொழி 6: நடுநிசி வானொலி

தராசு ஒன்றுதான் ஐயா. ஆனால் முஜிப் எதை எடைபோடுகிறோம் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டுப் போட்டார். தம் மக்களிடம் அதற்கான பழியையும் ஏற்றார். நிக்சனின் எடைக்கற்கள் ஆவணங்கள் திறக்கப்படும்வரை மூன்று பத்தாண்டுகள் பூட்டிக் கிடந்தன. நலனுக்காக விழுமியத்தை விட்டுக்கொடுப்பதையே முழுவதும் தவறு என்று நான் சொல்ல மாட்டேன். விட்டுக்கொடுக்கிறோம் என்பதை மறைப்பதால்தான் கணக்கைச் சரிபார்க்க ஆளில்லாமல் போகிறது. சரிபார்க்க ஆளில்லாத கணக்கு ஜூலையில் முடிய வேண்டியது டிசம்பர் வரை ஓடுகிறது.

வினவியவர்: வைகைக்கரை

அனைவருக்கும் நன்றி. 195 பேர் பற்றி நான் இதுவரை வகுப்பில் பேசியதே இல்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

அந்த மாணவியிடம் இந்த இழையைக் காட்டினேன். பிளட் பிறகு என்ன ஆனார் என்று கேட்டாள். அதே ஆண்டு ஜூன் மாதம் டாக்காவிலிருந்து அழைத்துக்கொள்ளப்பட்டார். துணிந்து மாறுபட்டதற்காக அதே ஆண்டு அவருடைய துறையினர் அவருக்கு விருது ஒன்றையும் தந்தார்கள். ஆனால் கிசிங்கரின் செல்வாக்கு இருந்தவரை பெரிய பதவி எதுவும் அவரை அணுகவில்லை. 2004இல் அவர் காலமான பிறகு, டாக்காவில் உள்ள அமெரிக்கத் தூதரகம் தன் நூலகத்துக்கு அவர் பெயரைச் சூட்டியது. இதைச் சொன்னதும் அவள் சிரித்துவிட்டு, "இப்போது அந்தப் பெயர் அவர்களுக்குப் பயன்படுகிறது, இல்லையா ஐயா?" என்றாள். அடுத்த வகுப்பை அங்கிருந்துதான் தொடங்கப் போகிறேன்.